விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு ரயில் மாறிப் போவது எப்படி

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ரயிலில் ஏறுவது பெரிய கஷ்டமில்லை. பெரும்பாலும் வண்டி அங்கிருந்தேதான் புறப்படும், அதனால் உட்கார இடம் கிடைக்கும். பல ஊர்களில் பெட்டி வைக்கத் தனி இடமும் இருக்கும். கூட வருகிற பாதிப் பேர் கையில் உங்களைப் போலவே சூட்கேஸ் இருக்கும். கஷ்டம் இரண்டாவது வண்டியில்தான். அது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் வண்டி. அதில் பெட்டிக்கென்று இடம் கிடையாது, ஏற நேரமும் அதிகம் தரமாட்டார்கள். அந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவே இருக்கிற சில நூறு அடி தூரம்தான் முழுப் பயணத்திலும் ஆளைக் களைக்க வைத்துவிடும்.

முதல் தடவை நான் இப்படிப் போனபோது கையில் 23 கிலோ பெட்டி ஒன்று, தோளில் லேப்டாப் பை. வரைபடத்தில் இரண்டு லைன்களின் வட்டங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நேரில் இறங்கிப் பார்த்தால் வளைந்து வளைந்து போகும் சுரங்கப் பாதை. நடுவில் ஆறு படி இறங்க வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி ஏழு படி ஏற வேண்டும். கடைசியில் ஒரு முழு மாடி. அந்த முழு மாடிக்கு எஸ்கலேட்டர் இருந்தது. ஆறு படிக்கும் ஏழு படிக்கும் எதுவும் இல்லை. பழைய சுரங்க நிலையங்களில் இந்த மாதிரிக் குட்டிப் படிகள் நிறைய உண்டு, அவை வழக்கமான வரைபடத்தில் தெரியாது. அன்றைக்கு விரலில் கைப்பிடி அழுத்திய தடம் ராத்திரி வரை போகவில்லை.

அதற்குப் பிறகு நான் வழி தேடும்போது எத்தனை நிமிடம் என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. 52 நிமிடத்தில் போகும் வழியில் மூன்று மாடிப்படியும், 61 நிமிடத்தில் போகும் வழியில் ஒரு படியும் இல்லாமலும் இருந்தால், பெட்டியோடு போகிறவருக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் வழி.

எங்கே மாறுவது என்பதை விமான நிலையத்திலேயே முடிவு செய்யுங்கள்

இரண்டு லைன்கள் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்திப்பதில்லை. பெரிய ஊர்களில் இரண்டு மூன்று இடங்களில் மாறிக்கொள்ளலாம். ஆப் எதையாவது ஒன்றைக் காட்டும், அது நல்ல காலோடு வெறுங்கையாக நடக்கிறவருக்கான கணக்கு. அதை அப்படியே நம்பிப் புறப்பட வேண்டாம்.

மாறுவதற்கு மிகச் சுலபமான இடம், இறங்கிய நடைமேடையிலேயே எதிர்ப்பக்கம் அடுத்த வண்டி வரும் நிலையம். பத்தடி நடந்தால் போதும், படியே கிடையாது. லண்டனில் ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லி லைனில் வந்து, விக்டோரியா அல்லது வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் போக டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் தெரிந்த பெயராக இருக்கிறதே என்று சவுத் கென்சிங்டனில் இறங்குவார்கள். அங்கே பிக்காடில்லி லைன் ஆழத்தில் ஓடுகிறது, டிஸ்ட்ரிக்ட் லைன் மேலே. அதற்கு முன்பே வரும் ஹேமர்ஸ்மித்திலோ பேரன்ஸ் கோர்ட்டிலோ இறங்கினால் அதே நடைமேடையின் மறுபக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் வண்டி வந்து நிற்கும். சில நிலையங்கள் முன்னால் இறங்குவதால் அந்த ஏற்றம் மிச்சம்.

டோக்கியோவிலும் இதே கதை. நரிதா விமான நிலையத்திலிருந்து கெய்செய் என்ற நிறுவனத்தின் ரயிலில் வருகிறவர்கள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) லைனுக்கு மாற உவேனோ வரை போகத் தேவையில்லை. உவேனோவில் கெய்செய் நிலையமும் ஜேஆர் நிலையமும் வேறு வேறு கட்டடங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். ஒரு நிறுத்தம் முன்னால் நிப்போரியில் இறங்கினால் நிலையத்துக்குள்ளேயே மாறும் கேட் இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதை வைத்தும் ஏமாறக் கூடாது. கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் வரை விமான நிலைய ரயில் வரும். அங்கிருந்து மோனோரயில் பிடிக்க நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு வணிக வளாகத்தைக் கடந்து நடக்க வேண்டும். டெல்லியில் விமான நிலைய ரயிலில் வந்து தௌலா குவானில் இறங்கி பிங்க் லைனுக்குப் போகிறவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைப்பாலத்தைக் கடக்கிறார்கள். அங்கே நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல், ஆனாலும் தூரம் தூரம்தான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஊர் மெட்ரோவின் சொந்த வரைபடத்தைத் திறந்து, நிலையத்தின் பெயர் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நாற்காலி போகும் இடத்தில் உங்கள் சூட்கேஸும் போகும். கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழியைத் தேடியதும் தேர்வுகளுக்கான இடத்தைத் தொட்டால், மாறுதல் குறைந்த வழி, நடை குறைந்த வழி, சக்கர நாற்காலி போகும் வழி என்று கேட்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது காட்டும் வழி கொஞ்சம் சுற்றாகத் தோன்றினாலும் காரணம் இருக்கும்.

அப்புறம், எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு மூன்று ரயில் நிலையங்கள் இருப்பது சகஜம். டெல்லியில் முனையம் 3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன், முனையம் 1-க்கு மெஜந்தா லைன். இரண்டும் வேறு வேறு திசையில் போகிறவை, மாறும் இடங்களும் வேறு. போன முறை வந்த வழி இந்த முறை பொருந்தாமல் போகலாம்.

ராத்திரி வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் வண்டியின் கடைசி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடாதீர்கள். அது உங்களைக் கொண்டுபோய் இறக்கும்போது இரண்டாவது லைன் அன்றைக்கு மூடியிருக்கலாம். பார்க்க வேண்டியது இரண்டாவது லைனின் கடைசி வண்டியை.

ஒரு துண்டுச் சீட்டு

செல்போன் இருக்கும்போது சீட்டு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கையில் பெட்டி, ஒரு கை கைப்பிடியில். போனை எடுத்து, திறந்து, பெரிதாக்கிப் பார்க்கக் கை ஏது? சுரங்கத்தில் சிக்னலும் போய்விடும். நான் ஐந்து விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்: மாறும் நிலையம், அடுத்த லைனின் பெயரும் நிறமும், அந்தத் திசையின் கடைசி நிலையம், நான் இறங்கும் நிலையம், வெளியேறும் வாசல் எண்.

இதில் மூன்றாவதுதான் புதியவர்கள் விட்டுவிடுவது. பெரும்பாலான மெட்ரோக்களில் பலகைகள் திசையைக் கடைசி நிலையத்தின் பெயரால்தான் சொல்கின்றன. நீங்கள் இறங்க வேண்டிய இடத்தின் பெயர் பலகையில் இருக்காது. அது தெரியாமல் தவறான நடைமேடையில் இறங்கிவிட்டால் திரும்ப ஏறி, கடந்து, மறுபடி இறங்க வேண்டும். வெறுங்கையாக இருந்தால் இரண்டு நிமிட வேலை, பெட்டியோடு அது தண்டனை.

பெட்டியை ஒழுங்கு செய்தல்

பெட்டி வரும் பெல்ட்டிலிருந்து எடுத்தவுடன், தள்ளுவண்டி கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். குறிக்கோள் ஒன்றுதான்: நடக்கும்போது ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க, கார்டைத் தட்ட, லிஃப்ட் பொத்தானை அழுத்த அந்தக் கை வேண்டும்.

டூட்டி ஃப்ரீ பை, கழற்றிய ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் தள்ளுங்கள். கையில் தொங்கும் சின்னப் பைகள்தான் கேட்டில் மாட்டும், எஸ்கலேட்டரில் தட்டும், இருக்கையில் மறந்துபோகும். ரயில் கார்டும் போனும் முன்பக்கப் பையில். பாஸ்போர்ட் இனிமேல் ரயிலில் தேவைப்படாது, உள்ளே ஜிப் போட்ட இடத்தில் வைத்து மூடிவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு முதுகுப் பை. இதுதான் ரயில் மாறிப் போகிறவருக்கு என் அனுபவத்தில் எல்லை. சில ஊர்களில் சட்டமே அப்படித்தான். துபாய் மெட்ரோவில் ஒருவருக்கு 81 × 58 × 30 சென்டிமீட்டருக்கு மிகாத பெரிய பெட்டி ஒன்று, 55 × 38 × 20 சென்டிமீட்டருக்கு மிகாத சின்னப் பெட்டி ஒன்று என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

கேட்டில்

பெரும்பாலான கேட் வரிசைகளில் ஓரத்தில் ஒன்று அகலமாக இருக்கும். பெட்டியோடு போகிறவருக்கு அதுதான். கார்டைத் தட்டிவிட்டு, பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு நீங்கள் பின்னால் போங்கள். எல்லோரும் செய்வது பெட்டியைப் பின்னால் இழுப்பது. ஆள் கடந்துவிட்டதாகச் சென்சார் நினைத்து, கதவு உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே மூடிக்கொள்ளும்.

நடுவில் மாறும்போது கேட்டைத் தாண்டி வெளியே வர வேண்டிய நிலையங்களும் உண்டு. அங்கே உள்ளே வந்தபோது தட்டிய அதே கார்டையோ அதே போனையோதான் தட்ட வேண்டும். போனில் தட்டி உள்ளே வந்து, கைக்கடிகாரத்தில் தட்டி வெளியேறினால் இயந்திரத்துக்கு அது இரண்டு வேறு ஆட்கள், கட்டணமும் அப்படியே விழும். காகித டிக்கெட் வாங்கியிருந்தால் கடைசி வாசல் தாண்டும் வரை தூக்கிப் போடாதீர்கள். பாரிஸில் ஆர்இஆர் என்ற புறநகர் ரயில்களில் வந்தால் வெளியேறவும் டிக்கெட் வேண்டும். நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் ஏர்ட்ரெயின் என்ற விமான நிலைய ரயிலுக்குக் காசு வாங்குவதே ஜமைக்கா, ஹோவர்ட் பீச் நிலையங்களில் வெளியே வரும்போதுதான். இரண்டு லைன்களும் வேறு வேறு நிறுவனங்களுடையதாக இருந்தால் டிக்கெட்டும் தனித்தனி என்று எதிர்பார்த்துப் போங்கள்.

முதல் வண்டியில் எங்கே ஏறுவது

முதல் வண்டியில் எந்த ரயில் பெட்டியில் ஏறுகிறோம் என்பது இறங்கும் இடத்தில் பெரிய வித்தியாசத்தைத் தரும். லிஃப்ட் பெரும்பாலும் நடைமேடையின் ஏதோ ஒரு மூலையில்தான் இருக்கும். லண்டன் எலிசபெத் லைன் வண்டியின் நீளம் 205 மீட்டர். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் அதன் நடைமேடையின் மறுமுனை மூர்கேட் என்ற இன்னொரு நிலையத்தில் போய் முடிகிறது. தவறான முனையில் இறங்கினால் நடந்தே கால் ஓய்ந்துவிடும். டோக்கியோ நிலையங்களில் எந்தப் பெட்டிக்கு நேராக லிஃப்ட், எந்தப் பெட்டிக்கு நேராக மாறும் வழி என்று நடைமேடையிலேயே படம் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வசதி இல்லாத ஊரில், விமான நிலைய ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “லிஃப்ட் முன்னாலா, பின்னாலா?” அவர்களுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் நடுப்பெட்டியில் ஏறுங்கள்.

பெட்டியைத் தட்டில் வைத்தால், உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்காருங்கள். மாறும் நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து பெட்டியைக் கையில் எடுத்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு

இறங்கியதும் ஓடாதீர்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் படியை நோக்கிப் போகும். சுவர் ஓரமாக ஒதுங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். நடைமேடை காலியாகும், பலகைகள் கண்ணுக்குத் தெரியும், லிஃப்ட் வரிசையும் குறையும். அடுத்த வண்டி போனால் போகட்டும். நகர ரயில்கள் சில நிமிடங்களுக்கு ஒன்று வருகின்றன.

முதலில் லிஃப்டைத் தேடுங்கள். ஒரே லிஃப்ட் நேராக அடுத்த நடைமேடைக்குப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்று உங்களை நடு மாடத்துக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து சிறிது நடந்து இன்னொன்றில் ஏற வேண்டும். அது எந்தத் திசை நடைமேடைக்கான லிஃப்ட் என்று கதவுக்கு மேலே எழுதியிருக்கும், சீட்டில் எழுதிய கடைசி நிலையத்தின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் காத்திருந்தால் அவர்கள் முதலில். நமக்கு எஸ்கலேட்டர் என்று இன்னொரு வழி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

லிஃப்ட் இல்லாமல் எஸ்கலேட்டரில்தான் போக வேண்டும் என்றால், ஒரு ஆள் ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பெட்டி எப்போதும் உங்களுக்கு மேல் படியில் இருக்கட்டும். ஏறும்போது பெட்டி உங்களுக்கு முன்னால், இறங்கும்போது பின்னால். தவறினாலும் அது உங்கள் மேல்தான் சாயும், பிடித்துவிடலாம். கீழே நிற்கிறவர் மேல் உருண்டு போகாது. நீளக் கைப்பிடியைப் பாதி உள்ளே தள்ளிக் குட்டையாக்குங்கள், பிடி உறுதியாக இருக்கும். நான்கு சக்கரமும் ஒரே படியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கையைத் தளர்த்தலாம். பாதி சக்கரம் படி விளிம்பில் தொங்கினால், படி பிரிந்து உயரும் அந்த நொடியில் பெட்டி திடீரென்று சாயும்.

எஸ்கலேட்டர் முடியும் இடம்தான் ஆபத்து. முடிவதற்கு மூன்று நான்கு படி முன்னாலேயே பெட்டியை லேசாகத் தூக்கத் தயாராகுங்கள். சீப்புப் பல் மாதிரி இருக்கும் அந்தத் தகட்டில் சின்னச் சக்கரம் தட்டி நின்றுவிடும். தாண்டியதும் நிற்காமல் நாலடி நடந்து ஒதுங்குங்கள். பின்னால் வருகிறவர்களை அது நிறுத்தாமல் கொண்டுவந்துகொண்டே இருக்கும், அவர்களால் நிற்க முடியாது.

படிதான் ஒரே வழி என்றால், சக்கரத்தைப் படிப்படியாக இடித்து இறக்காதீர்கள். சக்கரம் உடைந்தால் மீதிப் பயணம் முழுவதும் தூக்கித்தான் போக வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து, பெட்டியை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். மற்றக் கை கம்பியில். ஐந்தாறு படிக்கு ஒருமுறை வைத்து மூச்சு வாங்குவதில் தவறே இல்லை. யாராவது உதவ வந்தால் மறுக்க வேண்டாம், ஆனால் கைவிடாமல் இருவராகச் சேர்ந்து தூக்குங்கள்.

இரண்டாவது வண்டி

முதலில் வரும் வண்டி நிரம்பியிருந்தால் விட்டுவிடுங்கள். காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் பல ஊர்களில் இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் வந்து இறங்கினால், முடிந்தால் விமான நிலையத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுவது நல்லது. முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் நெருக்கடி கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் ஏறும் முன் கதவைப் பாருங்கள். பெண்களுக்கு மட்டுமான பெட்டியும் கூடுதல் கட்டணப் பெட்டியும் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் இருக்கும். துபாயில் கோல்டு வகுப்பில் சாதாரண டிக்கெட்டோடு நின்றால் அபராதம்.

ஏறும்போது வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பெட்டியைக் குறுக்காகச் சாய்த்து இழுக்காதீர்கள். நேராக, ஒரே தூக்கு. உள்ளே போனதும் கதவை விட்டு நகருங்கள். சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய காலி இடத்தில் யாரும் இல்லையென்றால் அங்கே நிற்கலாம், வந்தால் உடனே விட்டுத்தர வேண்டும். நான்கு சக்கரப் பெட்டியை அப்படியே நிறுத்தினால் வண்டி பிரேக் போடும்போது தானாக உருண்டு யாருடைய காலிலாவது மோதும். இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்குங்கள், அல்லது அகலப் பக்கம் தரையில் படும்படி படுக்க வையுங்கள்.

முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது யார் முகத்தில் இடிக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஜிப்பும் கண் முன்னால் இருக்கும்.

கூட ஆள் இருந்தால்

ஒருமுறை அண்ணியும் நானும் போய்க்கொண்டிருந்தோம். நான் என் பெட்டியோடு உள்ளே ஏறிவிட்டேன். அண்ணியின் பெட்டிச் சக்கரம் இடைவெளியில் மாட்டியது, அவர் குனிந்து எடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். “அண்ணி, அங்கேயே நில்லுங்க!” என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய போன் என் பையில் இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அதற்குள் அவர் என்னைத் தேடி அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஒருவரையொருவர் கண்டுபிடிக்க 40 நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறும்.

ஆகவே ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பிரிந்துவிட்டால், உள்ளே இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும். வெளியே இருப்பவர் அடுத்த வண்டியில் ஏறி அங்கே வந்து சேர வேண்டும். யார் நிற்பது, யார் வருவது என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சீட்டு. குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால் ஒருவர் முதலில் ஏற வேண்டும், அவர்கள் நடுவில், இன்னொருவர் கடைசியில். பெட்டி எல்லாவற்றுக்கும் பிறகு. பெட்டி நடைமேடையில் நின்றுவிட்டால் ஊழியரிடம் சொல்லி வாங்கலாம்.

வண்டியில் பெட்டியை விட்டு இறங்கிவிட்டால் பதறாமல் மூன்று விஷயத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள்: மணி, வண்டி போகும் திசை, எத்தனையாவது ரயில் பெட்டியில் இருந்தீர்கள். நடைமேடை ஊழியரிடம் இந்த மூன்றையும் சொன்னால் அடுத்த நிலையத்துக்குத் தகவல் போகும். ஆளில்லாத சூட்கேஸ் கண்ணில் பட்டால் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வண்டியையே நிறுத்துவார்கள், அதனால் சொல்லத் தயங்க வேண்டாம்.

ரயில் வேண்டாத சமயம்

ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, கைக்குழந்தை, முழங்கால் வலி உள்ள அம்மா, இரண்டு முறை மாற வேண்டிய வழி. இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே நான் முழு வழியும் ரயிலில் போகச் சொல்லமாட்டேன். விமான நிலைய ரயிலில் ஊருக்குள் ஒரு பெரிய நிலையம் வரை வந்து, அங்கிருந்து டாக்சி எடுப்பது நல்ல வழி. நெரிசலான நீண்ட சாலையை ரயில் கடந்துவிடும், கடைசித் துண்டு மட்டும் காரில். நேராகப் போகும் விமான நிலையப் பேருந்து இருந்தால் அதையும் யோசியுங்கள். மெதுவாகப் போனாலும் பெட்டி அடியில் போய்விடும், ஒரு படி கூட ஏற வேண்டாம். ஜப்பானில் பெட்டியை விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டால் தங்குமிடத்துக்கு அனுப்பிவைக்கிற சேவை உண்டு. அன்றைக்கே தேவைப்படும் துணிமணியைத் தனியாக எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு ரயில் ஏறலாம்.

கடைசி நிலையம்

இறங்கிவிட்டோம் என்று நிம்மதியாகக் கண்ணில் பட்ட வாசலில் வெளியேறிவிடாதீர்கள். பெரிய நிலையங்களில் வாசல்கள் டஜன் கணக்கில் இருக்கும். டோக்கியோவின் ஷிஞ்சுகுவில் 200-க்கும் மேல். எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது, தெருமட்டம் வரை போகும் லிஃப்ட் பல நிலையங்களில் ஒன்றிரண்டு வாசல்களில் மட்டும்தான். நிலைய வரைபடத்தில் லிஃப்ட் உள்ள வாசலின் எண்ணைப் பார்த்து, கேட்டைத் தாண்டும் முன்பே அந்தப் பக்கம் திரும்புங்கள். உங்கள் தங்குமிடத்துக்கு வேறு வாசல்தான் பக்கம் என்றாலும், லிஃப்ட் வாசலில் மேலே போய்த் தெருவில் இருநூறு அடி கூடுதலாக நடப்பது மேல். தெருவில் பெட்டி உருளும்.